ஒரு வருட வாசிப்பைப் பதிவு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

படித்த புத்தகங்களைக் குறித்துவைக்கலாம் என்று ஜனவரியில் தொடங்கும் நோட்டுகளில் பல, மார்ச்சைத் தாண்டுவதில்லை. ஆர்வம் வடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் வேறு. முதல் நாளே அந்த நோட்டின் தலையில் அளவுக்கு மீறி ஏற்றிவிடுகிறோம்: வகை, பதிப்பகம், பக்கங்கள், மதிப்பெண், கதைச் சுருக்கம், பாத்திரங்கள், பிடித்த வரிகள் என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு முழுப் பக்கம். நாலு புத்தகம் தாண்டியதும் புத்தகத்தை முடிக்கவே தயக்கம் வந்துவிடும். முடித்தால் உட்கார்ந்து எழுதணுமே!

அதனால் இங்கே சொல்லப்போகும் முறையில் கட்டாயமாக எழுத வேண்டியவை ஐந்துதான். நான்கை ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஐந்தாவது, புத்தகத்தைப் பற்றி உங்கள் சொந்த வார்த்தையில் நாலைந்து வரி. ஒரு வருடம் கழித்து நீங்கள் தேடிப் படிக்கப்போவது அந்த நாலைந்து வரியைத்தான். மற்றதெல்லாம் அதைக் கண்டுபிடிக்க உதவும் முகவரி என்றே நான் கருதுகிறேன். அதனால் இந்த வழிகாட்டியில் அதிக இடம் அதற்கே போகிறது.

1. எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 ஜூன் மாதத்திலிருந்து தான் படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் பட்டியலிட்டு வருகிறார். படித்த மாதம், ஆசிரியர், தலைப்பு, நூல் முதலில் வெளியான ஆண்டு, பக்க எண்ணிக்கை, இவைதான் அதில் இருக்கும். பட்டியல் ஆயிரம் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. இயற்கையியலாளர் சார்லஸ் டார்வின் வேறு மாதிரி. 1838 முதல் 1860 வரை அவர் வைத்திருந்த குறிப்பேடுகளில் ‘படிக்க வேண்டியவை’, ‘படித்தவை’ என்று இரண்டு பட்டியல்கள் ஓடின. அதோடு, சொந்தப் புத்தகமாக இருந்தால் அதன் கடைசிப் பக்கங்களிலேயே தன் ஆய்வுக்குப் பயன்படும் தகவல்களுக்கு ஒரு அட்டவணை எழுதிவைப்பார். பிறருடைய புத்தகம் என்றால் தனியாகச் சுருக்கம் எழுதிக்கொள்வார்.

முதலாமவருக்கு வேண்டியிருந்தது தன் வாசிப்பின் தடம். இரண்டாமவருக்கு வேண்டியிருந்தது, படித்ததைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் வசதி. உங்களுக்கு இதில் எது வேண்டும்? என்ன படித்தோம் என்று தெரிந்தால் போதுமா, படித்தது மனதில் தங்க வேண்டுமா, அடுத்து எதைப் படிப்பது என்று முடிவு செய்ய உதவ வேண்டுமா, எழுத்துக்கோ பாடத்துக்கோ மேற்கோள் எடுக்க வேண்டுமா? ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே வாக்கியமாக நோட்டின் உள்ளட்டையில் எழுதிவிடுங்கள். பிற்பாடு ‘இதையும் சேர்த்துக் குறிக்கலாமே’ என்று தோன்றும்போதெல்லாம் அந்த வாக்கியத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

2. எதில் எழுதுவது?

மூன்று வழிகள் இருக்கின்றன: நோட்டு, விரிதாள் (எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ் போன்றவை), இதற்கென்றே இருக்கும் செயலிகள்.

நோட்டில் எழுதும்போது மனம் விட்டு எழுத வருகிறது, யாரும் பார்க்கப்போவதில்லை. குறை, தேட முடியாது. அதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. தத்துவவாதி ஜான் லாக், 17ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பேட்டுக்கு அட்டவணை போடும் முறை ஒன்றை எழுதி வெளியிட்டார். ஒரு சொல்லின் முதல் எழுத்து, அதற்குப் பின் வரும் முதல் உயிரெழுத்து, இந்த இரண்டை வைத்துக் கட்டம் பிரித்து, பக்க எண்களை அதில் நிரப்புவது அவர் முறை. தமிழில் இது இன்னும் சுலபம். முதல் எழுத்திலேயே மெய்யும் உயிரும் சேர்ந்து வந்துவிடுகின்றன. நோட்டின் கடைசி நான்கு பக்கங்களை இப்போதே ஒதுக்கி, அ முதல் வ வரை எழுத்துகளை இடம் விட்டு எழுதிவையுங்கள். நோட்டின் பக்கங்களுக்கு எண் போடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தை எழுதியதும் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துக்கு நேராகப் பக்க எண்ணைக் குறியுங்கள். அரை நிமிட வேலை.

விரிதாளின் பலம் தேடலும் கணக்கும். வருடக் கடைசியில் ‘எத்தனை மொழிபெயர்ப்பு, எத்தனை கவிதை, யார் சொல்லிப் படித்தவை எத்தனை’ என்பதெல்லாம் சில நொடிகளில் வந்துவிடும். ஆனால் சின்னக் கட்டத்துக்குள் நீளமாக எழுத மனம் வராது. குறிப்புக் கட்டத்தை அகலமாக்கி, உள்ளே வரி மடங்கும்படி வைத்துவிட்டால் இந்தத் தயக்கம் குறையும்.

செயலிகளில் லைப்ரரிதிங் 2005இலும் குட்ரீட்ஸ் 2007இலும் தொடங்கின. குட்ரீட்ஸை 2013இல் அமேசான் வாங்கியது. பின்னால் வந்த ஸ்டோரிகிராஃப், குட்ரீட்ஸ் பட்டியலை அப்படியே இறக்கிக்கொள்ளும். நட்சத்திரத்தில் அரை, கால் என்றும் மதிப்பிட விடும். அட்டைப்படம், பக்க எண்ணிக்கை எல்லாம் தானாக வந்து விழுவது பெரிய வசதி. தமிழ் நூல்களுக்கு இந்த வசதி அரைகுறைதான். ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒரு தரமும் ஆங்கில எழுத்தில் ஒரு தரமும் ஏறியிருக்கும். சில நூல்கள் இருக்கவே இருக்காது, நாமே சேர்க்க வேண்டும். இன்னொன்று, மற்றவர்கள் பார்க்கும் இடத்தில் எழுதும்போது நம்மை அறியாமல் விமர்சனம் எழுதத் தொடங்கிவிடுவோம். நமக்கு வேண்டியது குறிப்பு. செயலிதான் வேண்டும் என்றால் உங்கள் குறிப்புகள் யாருக்குத் தெரியும் என்பதை அமைப்புகளில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

என் பரிந்துரை: ஐயமிருந்தால் நோட்டு. கணக்குப் பார்ப்பதில் உண்மையான ஆசை இருந்தால் விரிதாள். எதுவானாலும் ஒன்றே ஒன்று. நோட்டில் எழுதி, அதை ஷீட்டில் ஏற்றி, செயலியிலும் போடுவது என்று ஆரம்பித்தால் மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

3. ஐந்து கட்டாயக் கட்டங்கள்

தலைப்பு. ஆசிரியர். முடித்த தேதி. எப்படி வந்து சேர்ந்தது. குறிப்பு.

தலைப்பும் ஆசிரியர் பெயரும் எளிது போலத் தெரியும், ஆனால் ஒரே வடிவத்தில் எழுதுவது முக்கியம். தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து முதலில் வருவதால், ஒரே ஆசிரியரை ஒரு தரம் முன்னெழுத்தோடும் மறுதரம் இல்லாமலும் எழுதினால் வரிசைப்படுத்தும்போது இருவேறு ஆட்களாகப் பிரிந்துவிடுவார். பெயரை முதலில் எழுதி, காற்புள்ளி போட்டு, முன்னெழுத்தைப் பின்னால் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. புனைபெயரில் எழுதுபவரைப் புனைபெயரிலேயே வையுங்கள். எழுத்து விஷயத்திலும் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்: தமிழ் நூல் தமிழில், ஆங்கில நூல் ஆங்கில எழுத்தில் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நாம் படிக்கிற ஒவ்வொரு வாக்கியமும் அவர் எழுதியது. ஒரே மொழிபெயர்ப்பாளரின் நாலு நூல்கள் தொடர்ந்து பிடித்திருப்பது இப்படிக் குறித்துவைத்தால்தான் தெரியவரும். அது தெரிந்தபின் புத்தகம் தேர்ந்தெடுக்க இன்னொரு வழி கிடைத்துவிடுகிறது.

தேதியை 2025-03-14 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் எந்த மென்பொருளிலும் குழப்பமில்லாமல் வரிசைப்படும். தொடங்கிய தேதி இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

நான்காவது கட்டத்தைப் பலரும் வைப்பதில்லை. நான் விடமாட்டேன். இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு எப்படி வந்தது? நண்பர் சொன்னாரா, வேறொரு புத்தகத்தின் முன்னுரையில் பார்த்தீர்களா, நூலக அலமாரியில் தற்செயலாகக் கண்ணில் பட்டதா, எல்லோரும் பேசிக்கொண்டார்கள் என்பதால் எடுத்தீர்களா? நாலு சொல் போதும்: ‘அத்தை சொன்னது’, ‘முந்தைய நூலின் அடிக்குறிப்பு’. வருடக் கடைசியில் இந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். யார் பேச்சைக் கேட்டு எடுத்தது தேறியது, எது வீண் என்பது பளிச்சென்று தெரியும். ஒரு நல்ல புத்தகம் இன்னொன்றைக் காட்டிக்கொடுத்து, அது மூன்றாவதைக் காட்டிக்கொடுத்த சங்கிலிகளும் கண்ணில் படும்.

விருப்பமிருந்தால் சேர்க்கலாம் என்பவை: முதலில் வெளியான ஆண்டு, பக்கம், வடிவம் (அச்சு, மின்நூல், ஒலிநூல்), மூலமொழி, வகை. இதில் ஆண்டைக் குறிக்கும்போது கவனம் தேவை. உரிமைப் பக்கத்தில் கண்ணில் படுவது பல நேரம் நீங்கள் வைத்திருக்கும் பதிப்பின் ஆண்டு. ‘முதல் பதிப்பு’ என்ற வரியைத் தேடுங்கள். அதற்கும் முன்பே பத்திரிகையில் தொடராக வந்திருந்தால் முன்னுரையில் அந்தச் செய்தி இருக்கும். ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு நூல் பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்) மேற்கோள் எடுப்பவர்களுக்கு மட்டும்தான் தேவைப்படும். 2007 முதல் அது 13 இலக்கம். அதற்கு முந்தைய நூல்களில் 10 இலக்கம், இன்னும் பழையவற்றில் எண்ணே இருக்காது.

4. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். அவர் கண்டது: மறதி சீராக நடப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும், மிஞ்சியது மெதுவாகக் கரையும். நாவல் பொருளற்ற அசை இல்லைதான். ஆனாலும் பெயர்கள், காட்சிகளின் வரிசை, ஒரு வாதத்தின் நடுப்படிகள் எல்லாம் சீக்கிரமே நழுவுவதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே முடித்த அன்றே எழுதுங்கள். இரவு வெகு நேரமாகிவிட்டது என்றால் மறுநாள் காலை. அதற்கு மேல் தள்ள வேண்டாம்.

இரண்டாவது விதி முதலில் விசித்திரமாகத் தோன்றும்: எழுதும்போது புத்தகத்தைத் திறக்காதீர்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவினர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. நினைவிலிருந்து தோண்டி எடுக்கும் அந்தச் சிரமமே ஞாபகத்தை இறுக்குகிறது. ஐந்து நிமிடம் மூடிவைத்து எழுதுங்கள். அப்புறம் திறந்து பெயரையும் பக்க எண்ணையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரி, என்ன எழுதுவது? இதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். வெறும் தாளைப் பார்த்ததும் கை தானாக ‘அருமையான நாவல், விறுவிறுப்பான நடை, அனைவரும் படிக்கலாம்’ என்று எழுதிவிடும். இதை எந்தப் புத்தகத்துக்கும் எழுதலாம். பத்து மாதம் கழித்துப் படித்தால் இந்த வரியிலிருந்து ஒன்றுமே மீளாது. கீழே உள்ளது போல எழுதிப் பாருங்கள். கற்பனையான ஒரு குடும்ப நாவலுக்கான குறிப்பு இது:

‘முதல் 60 பக்கம் நகரவே இல்லை, விட்டுவிடலாம் என்றிருந்தேன். அக்கா வீட்டைவிட்டுப் போகிற அத்தியாயம் வந்ததும் வேகம் பிடித்தது. அவள் சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போவதை அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார் (பக். 143). முடிவில் அப்பா இறந்தபின் அவள் வருகிறாள், ஆனால் உள்ளே வரவில்லை. தம்பி சொல்வதாகவே கதை முழுக்கப் போவதால் அக்கா என்ன நினைத்தாள் என்று தெரியவே இல்லை. அது குறையா, வேண்டுமென்றே செய்ததா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோது படித்தது.’

இது இலக்கிய விமர்சனம் இல்லை. ஆனால் இதைப் படித்ததும் நாவல் முழுவதும் மறுபடி எழுந்து வரும். காரணம், இதில் ஒரு காட்சி இருக்கிறது, ஒரு முடிவு இருக்கிறது, தீராத ஒரு கேள்வி இருக்கிறது, படித்த சூழ்நிலை இருக்கிறது. குறிப்பாக முடிவு. கதைச் சுருக்கம் பின்னட்டையிலேயே கிடைக்கும். அதை நீங்கள் எழுத வேண்டிய அவசியமில்லை. கதை எப்படி முடிந்தது என்பதைப் பின்னட்டை சொல்லாது, பல நேரம் நினைவிலிருந்து போய்விடுவதும் அதுதான். ஒரு வரியில் முடிவை எழுதிவிடுங்கள்.

எழுத வராமல் தவித்தால் இந்தக் கேள்விகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கண்ணை மூடினால் எந்த இடம் தெரிகிறது? எங்கே அலுப்புத் தட்டியது? ஆசிரியரோடு எங்கே சண்டை போடத் தோன்றியது? யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது, என்ன சொல்ல? எல்லாவற்றுக்கும் பதில் எழுதப் புகுந்தால் மறுபடியும் மார்ச்சில் வந்து நிற்போம்.

கட்டுரை, வரலாறு, அறிவியல் நூல்களுக்கு வேறு உத்தி. நூலின் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் உங்கள் சொல்லில் எழுதுங்கள். அதற்கு ஆசிரியர் காட்டிய ஆதாரங்களில் உங்களை மிகவும் அசைத்தது எது என்பதை அடுத்த வாக்கியத்தில். எது உங்களை நம்பவைக்கவில்லை என்பதை மூன்றாவதில். முதல் வாக்கியமே வரவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்: ‘என்ன சொல்ல வருகிறார் என்று கடைசிவரை பிடிபடவில்லை.’ அதுவும் நல்ல குறிப்புதான்.

சிறுகதைத் தொகுப்பை ஒட்டுமொத்தமாக மதிப்பிட்டுப் பயனில்லை. மனதில் நின்ற இரண்டு மூன்று கதைகளின் தலைப்பை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அரை வரி. பல மாதம் கழித்து ‘அந்தக் கதை எந்தத் தொகுப்பில் படித்தோம்?’ என்று மண்டையைக் குடையும்போது இந்த அரை வரிதான் கைகொடுக்கும். கவிதைக்கு, ஒரு முழுக் கவிதையைக் கையால் எழுதி வைப்பதைவிடச் சிறந்த குறிப்பு எனக்குத் தெரியவில்லை.

5. படிக்கும்போது குறித்துக்கொள்வது

படித்துக்கொண்டே நீளமாக எழுதுவது வாசிப்பைக் கெடுக்கும். ஒரு துண்டுத் தாளைப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டு, பிடித்த இடம் வரும்போது பக்க எண்ணையும் ஒரு சொல்லையும் எழுதினால் போதும்: ‘143 சாவி’. புத்தகம் முடிந்ததும் அந்தத் தாளே குறிப்புக்கு மூலப்பொருள். இரவல் புத்தகத்தில் கோடு போடும் பாவமும் இல்லை. கிண்டில் கருவியில் படிப்பவர்கள் அடிக்கோடிட்டவை ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற கோப்பில் சேர்ந்துகொண்டே வரும். கணினியோடு இணைத்து அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நூறு அடிக்கோடுகளை அப்படியே ஒட்டிவைப்பது குறிப்பாகிவிடாது. மூன்று தேர்ந்தெடுங்கள்.

நூலிலிருந்து எடுத்த வரியை எப்போதும் மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு எழுதுங்கள். இதில் கறாராக இருக்க வேண்டும். குறி இல்லாமல் எழுதிவிட்டால், சில வருடம் கழித்து அது ஆசிரியரின் வாக்கியமா, உங்களுடையதா என்று உங்களுக்கே தெரியாது. கட்டுரை எழுதுபவர்கள் இதனால் பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொள்ள நேரும்.

6. மதிப்பெண் தேவையா?

ஐந்துக்கு நாலு என்று போடுவது வேகமானது, ஆனால் சமையல் நூலுக்குப் போட்ட நாலும் காவியத்துக்குப் போட்ட நாலும் ஒரே அளவுகோலில் வந்தவை அல்ல. அதற்குப் பதிலாக ஒரே கேள்வி: மறுபடி படிப்பேனா? ‘ஆமாம்’, ‘மாட்டேன்’, ‘சில பகுதி மட்டும்’. இது நேர்மையான பதிலை வரவழைக்கும். புத்தக அலமாரியில் இடம் போதாமல் எதைக் கொடுத்துவிடலாம் என்று யோசிக்கும்போதும் உதவும். பிற்பாடு கருத்து மாறினால் பழையதை அழிக்க வேண்டாம். கீழே புதுத் தேதியோடு எழுதுங்கள். மனம் மாறிய தடயமும் பதிவின் ஒரு பகுதி.

7. எதெல்லாம் கணக்கில் வரும்?

இதற்கு உலகப் பொதுவான விதி கிடையாது. நீங்கள் ஒரு விதி வைத்து வருடம் முழுக்க மாற்றாமல் இருந்தால் போதும். ஒலிநூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்குப் பதில் மணி நேரம். மறுவாசிப்புக்குத் தனிப் பதிவு போட்டு, பழைய குறிப்பைப் பார்க்காமல் புதிதாக எழுதிவிட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். நாலு நாவல் சேர்ந்த ஒரே தொகுதி என்றால் நாலு பதிவு. டிசம்பரில் தொடங்கி ஜனவரியில் முடித்தது, முடித்த வருடத்துக்குச் சேரும்.

பாதியில் நிறுத்திய புத்தகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் இவற்றைக் குறிப்பதே இல்லை; தோல்வி போல ஒரு கூச்சம். கட்டாயம் குறியுங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று ஒரே வரி. ‘பக். 88, மொழிபெயர்ப்பு உறுத்துகிறது, வேறு மொழிபெயர்ப்பு இருந்தால் பார்க்கலாம்.’ ‘பக். 30, நூல் நல்லது, இப்போது இதற்கு மனநிலை இல்லை.’ ‘பக். 210, முதல் அத்தியாயத்தில் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்.’ மூன்றும் மூன்று வகை. முதலாவதற்கு வேறு பதிப்பு தேட வேண்டும், இரண்டாவதற்கு மறுபடி போகலாம், மூன்றாவதை மறந்துவிடலாம். காரணம் எழுதாமல் விட்டால் மூன்றும் ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரே மூட்டையில் போய்விடும், ஒரு நல்ல புத்தகத்தை நிரந்தரமாக இழந்துவிடுவோம்.

8. விட்டுப்போனால்

நடுவில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ எழுதாமல் போவது சகஜம். அதற்காக நோட்டை மூட வேண்டாம். நூலகத்தில் எடுத்த விவரம், இணையத்தில் வாங்கிய ரசீதுகள், மின்நூல் செயலியின் பட்டியல், ஃபோனில் எடுத்த புத்தகப் படங்கள், நண்பர்களோடு பேசிய செய்திகள், இவற்றைப் புரட்டினால் பெரும்பாலான தலைப்புகள் கிடைத்துவிடும். தலைப்பு, ஆசிரியர், ‘ஏறத்தாழ ஜூலை’ என்ற அளவில் ஒரு தேதி, இவ்வளவு போதும். குறிப்பை எழுத உட்கார வேண்டாம். நினைவில் தானாக நிற்கும் ஒரு விஷயம் இருந்தால் மட்டும் எழுதுங்கள், இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பத்துப் புத்தகக் கடனை அடைத்துவிட்டுத்தான் புதியதை எழுதுவேன் என்று நினைப்பவர்கள் புதியதையும் எழுத மாட்டார்கள்.

மாதக் கடைசியில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கினால் இந்த நிலை பெரும்பாலும் வராது. விட்டுப்போன தேதிகளை நிரப்புவது, அந்த மாதக் குறிப்புகளை ஒருமுறை வாசிப்பது, அவ்வளவுதான். அந்த வாசிப்பு, நினைவைப் புதுப்பிக்கவும் செய்யும்.

9. பத்திரப்படுத்துவது

நோட்டு என்றால் மாதம் ஒருமுறை புதிய பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். செயலி என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை உங்கள் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக (எந்த விரிதாளிலும் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்பு) இறக்கி வையுங்கள். நிறுவனங்கள் கைமாறும், செயலிகள் மூடப்படும்; உங்கள் பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துள்ள சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதைந்து தெரியக்கூடும். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. ஆனால் அந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள். காலியான தாளைத் திறந்து, ‘டேட்டா’ பட்டியில் உரைக் கோப்பிலிருந்து இறக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, குறியாக்கத்தில் யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் தமிழ் சரியாக வரும். கூகுள் ஷீட்ஸில் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இருக்காது. ஐஎஸ்பிஎன் எண் 9.78E+12 என்பது போல உருமாறித் தெரிந்தால் அந்தப் பத்தியை உரை வடிவத்துக்கு மாற்றி மறுபடி இறக்குங்கள்.

10. ஆண்டு முடிவில் உட்கார்ந்து படிப்பது

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் பதிவிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படியுங்கள். எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு சோதனை: குறிப்பை மறைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் பார்த்து, அந்த நூலிலிருந்து என்ன நினைவிருக்கிறது என்று யோசியுங்கள். பிறகு குறிப்பைப் பாருங்கள். முடித்த அன்று ‘பிரமாதம்’ என்று எழுதிய சில நூல்களிலிருந்து ஒரு காட்சிகூட மிஞ்சியிருக்காது. முணுமுணுத்துக்கொண்டே முடித்த ஏதோ ஒன்று வருடம் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கும். அந்த நூல்களுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். வருடத்தின் சிறந்த நூல்கள் என்று நான் நம்புவது இந்தப் பட்டியலைத்தான்.

அதன் பிறகு கணக்கு. விரிதாளில் தானே தொகுத்து எண்ணித் தரும் ‘பிவட் டேபிள்’ வசதியில் வகையையோ, மூலமொழியையோ, வந்து சேர்ந்த வழியையோ வரிசையில் வைத்தால் எண்ணிக்கை உடனே வரும். நோட்டில் நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக எண்ணினாலே போதும். பார்க்க வேண்டியவை: எத்தனை நூல்கள் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வெளிவந்தவை, எத்தனை அதற்கு முந்தையவை, எந்த மாதங்களில் வாசிப்பு நின்றது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, பெண்கள் எழுதியவை எத்தனை, ஒரே வகையில் சுற்றிச்சுற்றி வந்தோமா. இவற்றில் ஏதாவது ஒன்று உங்களை உறுத்தினால், அடுத்த வருடத்துக்கு அதிலிருந்து ஒரே ஒரு தீர்மானம் எடுங்கள். ‘குறைந்தது மூன்று நாடக நூல்கள் படிப்பது’ போல, செய்து முடிக்கக் கூடியதாக இருக்கட்டும். ‘வருடத்துக்கு நூறு புத்தகம்’ என்ற இலக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எண் பெரிதாகப் பெரிதாக மெலிந்த நூல்களாகப் பார்த்து எடுக்கத் தொடங்குவோம். எண்ணூறு பக்க நாவல் அலமாரியிலேயே தங்கிவிடும்.

அடுத்த வருடத்துக்குப் புது நோட்டோ புதுத் தாளோ தொடங்கும்போது, முதல் பக்கத்துக்கு மூன்று விஷயங்களை மட்டும் கொண்டுபோங்கள்: இன்னும் முடிக்காத நூல்கள் எந்தப் பக்கத்தில் நிற்கின்றன என்ற விவரம், ‘மறுபடி படிப்பேன்’ என்று குறித்தவற்றில் இரண்டு, படித்த நூல்களின் குறிப்புகளில் அங்கங்கே பெயர் வந்து இதுவரை தேடிப் பார்க்காத நூல்கள். இதற்காக ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இப்போது கையில் இருக்கும் புத்தகம் எதுவோ, அதுதான் பதிவு எண் 1.